பதினான்கு பாக்கெட் வைத்த கூடாரம்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு வலப்பக்கம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே, ஒரு நீலநிறப் பாக்கெட் தொங்குகிறது. சட்டையிலிருந்து பிய்த்தெடுத்ததைப் போல இருக்கும். ஆனால் எந்தச் சட்டைக்கும் அவ்வளவு பெரிய பாக்கெட் கிடையாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. குடைக்குப் போடுகிற மாதிரி வழுவழுப்பான துணி, வெயிலில் கிடந்து கிடந்து நீலம் பாதி வெளுத்துவிட்டது. வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, மெட்ரோ கார்டு எல்லாம் அதற்குள்தான். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கிறார்கள். அவசரக்காரர்களிடம் அம்மா தைத்தது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களுக்குத்தான் முழுக்கதையும்.

அம்மா பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லராக இருந்தாள். டெய்லர் என்றவுடன் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அளவெடுக்கிற ஆளை நினைத்துவிடக் கூடாது. கார்மெண்ட்ஸில் யாரும் ஒரு சட்டையைத் தைப்பதில்லை. காலர் வைக்கிறவள் காலர் மட்டும் வைப்பாள். கை ஏற்றுகிறவள் கை மட்டும் ஏற்றுவாள். காஜா எடுக்கிறவளுக்குக் கனவிலும் காஜாதான் வரும். அம்மாவுக்குப் பாக்கெட். இடது மார்பில் வைக்கிற அந்த ஒரு பாக்கெட்டை மூன்று பக்கம் தையல் ஓட்டி, அதன் வாயில் இரண்டு மூலையிலும் கிழியாமலிருக்க முன்னும் பின்னுமாக ஒரு முட்டுத் தையல் போட்டு, அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிடுவாள். அந்தப் பக்கம் போனது எப்படி முழுச் சட்டையாக ஆனது என்று அவள் பார்த்ததே கிடையாது. பதினோரு வருஷம் இதே வேலை. வரிசையாக மிஷின் போட்ட அந்த லைனில் அவளுடைய பெயரே 'பாக்கெட் அக்கா'.

அதே கட்டடத்தின் மேல்மாடியில் சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. புது மாதிரி வந்தால் முதல் சட்டையை ஒரே ஆளாக முழுசாகத் தைத்துக் காட்டுகிற டெய்லர்கள் அங்கே இருப்பார்கள். டார்கெட் டார்கெட் என்று தலைமேல் நின்று கத்த ஆள் கிடையாது, ஜன்னல் உண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அம்மாவுக்கு அங்கே போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆசை என்று சொல்லமாட்டாள், “மேல நல்லா காத்து வரும்” என்பாள், அவ்வளவுதான். போவதற்கு ஒரு டெஸ்ட் இருந்தது: வெட்டின துண்டுகளைக் கொடுப்பார்கள், சட்டையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாம்பிள் ரூம் மாஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இரண்டு தடவையும் அம்மா தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். “அவளுக்கு பாக்கெட்ட வுட்டா வேற இன்னா தெரியும்?” என்று லைனில் யாரோ சொன்னதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றைக்குச் சோறு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை.

அப்போது நாங்கள் ஈஜிபுராவில், இரண்டாவது மாடியில், ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். காலையில் பாயைச் சுருட்டினால்தான் ஸ்டவ்வுக்கு இடம். குழாயில் தண்ணீர் வருகிற நாட்களில் நான்கு பேரும் படிக்கட்டில் ஆளுக்கொரு திருப்பத்தில் நிற்போம். கைக்குக் கை மாறிக் குடம் மேலே ஏறும். அலமாரி என்ற பேச்சே கிடையாது. ரேஷன் கார்டு, மாத்திரை, வெங்காயம், அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் ஆணிக்கு ஆணி தொங்கும். எது எந்தக் கவரில் என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வேலைக்குப் போன பிறகு ஒரு தீப்பெட்டி தேடுவதற்கு நாங்கள் சுவரையே கலைக்க வேண்டும். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். டெய்லர் பிள்ளைகளான நாங்கள் பாவாடை ஓரத்தில் ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். வீட்டில் அம்மா ஊசியைத் தொடவே மாட்டாள். “அங்க நாள் பூரா தெக்கறது பத்தாதா?” என்பாள். அதற்குள் இருந்த பயம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அப்பா டெம்போ டிராவலர் ஓட்டினார். வைட்ஃபீல்ட் கம்பெனிக்காரர்களை லீவு நாட்களில் கோகர்ணம் பக்கத்துக் கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் இறங்கிப் போய்க் கூடாரம் போடுவார்கள். அப்பா சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தி, கடைசி சீட்டில் கொசுவர்த்தியோடு படுத்துக்கொள்வார். அப்படிப் பத்துத் தடவைக்கு மேல் கடலுக்குப் போய்வந்தவர், ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை. ஆனால் திரும்பி வந்து சொல்கிற கதைக்குக் குறைச்சல் இருக்காது.

“துணி வூட்ல படுக்கறாங்க. காலைல எழுந்து படுக்கைய சுருட்டறாங்க. குட்டி ஸ்டவ்ல டீ போடறாங்க. கேன்ல தண்ணி புடிச்சி தூக்கினு வராங்க.”

“அதத்தான நாம தெனமும் பண்றோம்?” என்றாள் அம்மா. “இதுக்கா ராத்திரி பூரா வண்டில குந்திக்கினு போறாங்க?”

“கடல் இருக்குதில்ல” என்பார் அப்பா. அம்மா கடலைப் பார்த்ததே இல்லை.

நான் எட்டாவது படித்த வருஷம் தசரா லீவுக்கு அப்படி ஒரு டிரிப் வந்தது. வண்டியில் கடைசி வரிசை காலி, வேண்டுமானால் வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். போவதற்கு வழி பிறந்தது, படுப்பதற்கு? நான்கு பேர் வண்டிக்குள் படுக்க முடியாது. வாடகைக்கு ஒரு கூடாரம் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்பா இழுத்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், “டென்ட்டு நான் தெக்கறேன்” என்றாள். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அவளே ஒரு நிமிஷம் திகைத்துப்போய்த்தான் இருந்தாள். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அம்மாவும் அப்பாவும் சிக்பேட்டையில் எடைக்குப் போடுகிற குடைத்துணி ஒரு மூட்டை வாங்கி வந்தார்கள். ஹவுஸ் ஓனரம்மாவின் பழைய கால் மிஷின் மாடிப்படிக்குக் கீழே ஊறுகாய் ஜாடிகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. அம்மா ஜாடிகளை இறக்கி, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி அதை உயிர்ப்பித்தாள். லீவுக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. முதல் ஞாயிறு எங்கள் மூன்று பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். வரிசையாகப் படுக்கச் சொல்லி எங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். அப்பாவிடம், “தூக்கத்துல கைய வீசுவீங்களே, வீசிக் காட்டுங்க” என்றாள். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே வீசினார். அந்த வீச்சுக்கும் ஒரு கோடு. பிறகு அவள் படுத்தாள், அக்கா கோடு போட்டாள். எழுந்து பார்த்தால் தரையில் நான்கு பேர் கிடந்தோம். அதைச் சுற்றி ஒரு பெரிய சதுரம் போட்டு, “இதான் அளவு” என்றாள். அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளிலெல்லாம் துணி உலர்த்துகிற வேலை அன்றைக்கு மெதுவாக நடந்தது.

தரையும் சுவர்களும் எளிதாக வந்துவிட்டன. கூரைதான் அவளைப் படுத்தியது. இரண்டு சுவரும் கூரையும் வந்து சேருகிற மூலையில் நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அந்தத் துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து மளமளவென்று ஒரு பாக்கெட் தைத்து உட்சுவரில் ஓட்டிவிடுவாள். கேட்டால், “டார்ச் வெக்கறதுக்கு” என்பாள். மறுபடி மூலையில் வந்து நிற்பாள். மறுபடி ஒரு பாக்கெட், தீப்பெட்டிக்கு. அடுத்த வாரம் மாத்திரைக்கு, சீப்புக்கு, அப்பாவின் லைசென்ஸுக்கு. பிளாஸ்டிக் கவரில் தொங்குகிற எங்கள் வீடு முழுக்க அந்தச் சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இல்லை, எரிச்சலாக இருந்தது. கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் முன்னால் இந்தக் குடைத்துணி மூட்டைக்குள் நுழைந்து வெளியே வர வேண்டுமே என்பது என் கவலை. அக்காதான் கண்டுபிடித்தாள். “கவனிச்சியா? அம்மாவுக்கு பயம் வந்தா பாக்கெட் தெக்கறாங்க” என்று என் காதில் சொன்னாள். அதன்பிறகு நாங்கள் எண்ண ஆரம்பித்தோம். பதினான்கு வந்தது.

பதினான்காவது பாக்கெட்டின் மூலையில் முட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று மிதிப்பதை நிறுத்தினாள். கூரைத் துணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மூலையைப் பாக்கெட்டின் வாயைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தாள். “சும்மா பயந்துட்டேன்” என்றாள். “இதுவும் பாக்கெட்டுதான். கவுத்துப் போட்ட பாக்கெட்டு. உள்ள நாம.” அன்று இருட்டுவதற்குள் நான்கு மூலையும் முடிந்துவிட்டது. மொட்டை மாடியில் நிறுத்திப் பார்க்கலாம் என்று அப்பா கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். அங்கே நின்று காட்டி என்ன பிரயோஜனம், கடற்காற்றில் நிற்க வேண்டும், அதுதான் டெஸ்ட் என்றாள். டெஸ்ட் என்று அவள் சொன்னதும் நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காலை எட்டு மணிக்குக் கடற்கரையில் இறங்கினோம். கம்பெனிக்காரர்கள் மேட்டில் தென்னை மரத்தடியில் போய்க் கடை விரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து யாராவது கடலுக்கு முதுகைக் காட்டுவார்களா? அலைக்குப் பத்தடி தள்ளி அவர் இடம் பார்த்தார். “மண்ணு எவ்ளோ கெட்டியா இருக்குது பாரு, கம்பு சும்மா நிக்கும்” என்றார். மண் ஏன் கெட்டியாக இருக்கிறது, ஏன் ஈரமாக இருக்கிறது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெங்களூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரி. அது வைத்த இடத்தில் கிடக்கும். வற்றுமே தவிர நடந்து வராது. நான்கு மூங்கில் கம்புகளை நட்டு, கயிறு கட்டி, கூடாரத்தை ஏற்றினோம். நின்றது. அம்மா சுற்றிச் சுற்றி வந்தாள், எங்கும் தொடவில்லை. கடலைப் பார்க்கக்கூட மறந்துவிட்டாள். அப்பா தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார், அப்போதுதான் பார்த்தாள். “இவ்ளோ சத்தம் போடும்னு நீங்க சொல்லவே இல்லியே” என்றாள்.

காலெல்லாம் ஊறுகிற வரை ஆடிவிட்டு, கட்டி வந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, மத்தியானம் நான்கு பேரும் கூடாரத்துக்குள் படுத்தோம். சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. அப்பா கையை வீசினார், யார்மேலும் படவில்லை. நான் கண் விழித்தபோது முதுகுக்கடியில் ஏதோ குளிர்ச்சியாக ஓடியது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அக்கா கத்தினாள். வெளியே வந்து பார்த்தால் நாங்கள் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தோம். காலையில் நாங்கள் ஆடிய இடமெல்லாம் நடுக்கடலாகியிருந்தது. அடுத்த அலை முழங்காலுக்கு வந்தது.

“அவுத்துடு, எல்லாத்தையும் அவுத்துட்டு துணிய சுருட்டு!” என்றார் அப்பா. அவிழ்க்க நேரமில்லை. ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. அம்மா கயிற்றை முளையோடு பிடுங்கினாள். “ஆளுக்கொரு கம்பு! அப்படியே தூக்குங்க! தண்ணி தூக்கற மாரி!” என்றாள். தூக்கினோம். தேர் மாதிரி அந்த நீல வீடு எங்கள் நான்கு பேர் கையில் எழுந்தது. அந்த நேரத்தில்தான் காற்று உள்ளே புகுந்துகொண்டது. கூரை புடைத்தது, கம்பு என் கையை உதறப் பார்த்தது. அக்கா விழுந்து எழுந்தாள். “வுடு, போவட்டும்! புள்ளைங்கள இஸ்துக்கினு போயிடப் போவுது!” என்று அப்பா கத்தினார்.

“வுடாதீங்க! தையல் தாங்கும்!” என்றாள் அம்மா.

அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. லைனில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியும் வாய் திறக்காதவள் அவள். மேட்டுக்கு இன்னும் பத்தடி தூரம் இருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்: அப்பா கையிலிருந்த மூங்கில்தான் இரண்டாகப் பிளந்திருந்தது. துணி அப்படியே இருந்தது. மீதி மூன்று கம்போடும் ஒரு ஒடிந்த கம்போடும் தென்னை மரத்தடிக்குப் போய் விழுந்தோம்.

மூச்சு அடங்கியதும் அம்மா செய்த முதல் காரியம், நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக உள்ளே வெளியே திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்ததுதான். லைனில் அவள் தைத்ததை செக்கிங்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பார்த்து முடித்து, மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, “ஒரு தையல் வுடல” என்றாள். பிறகு அழுதாள். அப்பா பேந்தப் பேந்த விழித்தார். அவர் லைசென்ஸும் தீப்பெட்டியும் மாத்திரையும் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தன, ஒரு சொட்டு ஈரமில்லை.

கம்பெனிக்காரர்கள் ஓடிவந்து உதவினார்கள். ஒடிந்த கம்புக்குப் பதிலாகத் தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, இத்தனை பாக்கெட் வைத்த கூடாரம் எங்கே கிடைக்கிறது என்று கன்னடத்தில் அம்மாவைக் கேட்டாள். நான் இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நானே ஹொலிதித்து” என்றாள். நானே தைத்தேன் என்று. அந்தப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்தாள். “ஆமாம், எங்கம்மாதான்” என்று நான் தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. மீதி இரண்டு நாளும் அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் எங்கள் பாக்கெட்டுகளில்தான் சிப்பி சேர்த்து வைத்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் அம்மா தூங்கவே இல்லை. தும்கூர் தாண்டும்போது, யாரும் கேட்காமலே, “திங்கக்கெழம மாஸ்டராண்ட கேக்கப் போறேன்” என்றாள்.

கேட்டாள். மறுநாளே துண்டுகளைக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நடையை வைத்து எங்களால் ஒன்றும் ஊகிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினாள், கை கால் கழுவினாள், டீ கேட்டாள். பிறகுதான் சொன்னாள். துண்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தாளாம். காலர் இருந்தது, கை இருந்தது, பட்டி இருந்தது. பாக்கெட்டைத் தேடினாளாம். மேசைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தாளாம். மாஸ்டரிடம் போய், ஒரு துண்டு குறைகிறது என்று சொன்னாளாம். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கு பாக்கெட் கெடையாதும்மா” என்றாராம்.

“அப்புறம்?” என்றார் அப்பா.

“அப்புறம் இன்னா, தெச்சேன்” என்றாள். டீயை உறிஞ்சினாள். “காலர் கொஞ்சம் ஏறிடுச்சி. பிரிச்சி மறுபடி வெச்சேன். நாளைலேர்ந்து மேல வரச் சொல்லிட்டாரு.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஒளிந்துகொள்ள ஒரு பாக்கெட்கூட இல்லாமல் என் அம்மா ஒரு முழுச் சட்டையைத் தைத்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். நான் பாஸ் பண்ணிய எந்தப் பரீட்சையும் அதற்கு ஈடில்லை.

சாம்பிள் ரூமில் பத்து வருஷம் இருந்துவிட்டு வேலையை விட்டாள். அப்பாவும் அம்மாவும் இப்போதும் ஈஜிபுராவில்தான் இருக்கிறார்கள், இரண்டு அறை வீட்டில், அலமாரியோடு. கூடாரம் இன்னும் நான்கு தடவை கடலுக்குப் போனது, அலையிலிருந்து அறுபதடி தள்ளி. கூரைத்துணி வெயிலில் நைந்துபோன பிறகு அம்மா கூடாரத்தைப் பிரித்து, எனக்கு ஏழு, அக்காவுக்கு ஏழு என்று பாக்கெட்டுகளைப் பங்கு போட்டாள். எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையாவது செய்துகொண்டிருந்தால், பாக்கெட் தைக்கிறாயா என்றுதான் கேட்போம். போன மாதம் ஆபீஸில் என்னை ஒரு புது டீமுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். நான் நான்கு நாளாக மேசை டிராயரை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா போனில், “இன்னாடி, எத்தனாவது பாக்கெட்டு?” என்றாள். மறுநாள் சரி என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு அந்த டீமில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டாள், எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். ஈஜிபுராவிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளே சோபாவில் உட்கார்ந்து, என் மகளின் யூனிஃபாரத்தில் ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் சாவிகளை எடுத்துவிட்டு, பாக்கெட்டின் வாயை விரித்து, அந்த இரண்டு மூலைகளையும் அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன்.

“எங்கம்மா பயந்துகினே தெச்சது இது” என்றேன். “இழுத்துப் பாரு. ஒரு நூல் பிரியல.”